ஊரடங்கும் நகரச் சாலைப் பாதுகாப்பும்

ஊரடங்கு உத்தரவு என்பது, கலகம், யுத்தம், தொற்றுநோய் முதலிய காரணங்களால், குறித்த நேரத்தில் ஜனங்கள் வீதியில் நடமாடலாகாதென்று அரசாங்கம் விதிக்கும் தடையாகும். சாலைப் பாதுகாப்பு அதன் நோக்கமன்றெனினும், அத்துறையில் அது விளைவிக்கும் பலன் இருவகைப்படும்: வாகனங்களும் பாதசாரிகளும் அருகுவதால் மோதல்களின் எண்ணிக்கை குறைகிறது, நெரிசலே இயல்பாக விதித்திருந்த வேகத்தடை நீங்கிவிடுவதாலோ, நிகழும் விபத்துகள் உக்கிரமடைகின்றன.

2020 மார்ச் 25 முதல் தேசமெங்கும் ஊரடங்கு அமலாக்கப்பட்ட இந்தியாவில், அக்காலத்து மத்திய அரசின் அறிக்கைகளின்படி, முந்திய ஆண்டில் 4,49,002 ஆக இருந்த விபத்துகள் 3,66,138 ஆகவும், 1,51,113 ஆக இருந்த மரணங்கள் 1,31,714 ஆகவும் குறைந்தனவாயினும், நூறு விபத்துகளுக்கு 33.7 ஆக இருந்த மரண விகிதம் 36 ஆக உயர்ந்தது. அதே ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாடுகளில், வாகனங்கள் ஓடிய மொத்த தூரம் குறைந்திருந்தும், அதிவேகம், மதுபோதை, இருக்கைவார் அணியாமை ஆகியவற்றின் காரணமாகச் சாலை மரணங்கள் பெருகின.

இரவு ஊரடங்கில், தடை தொடங்குமுன் வீடு சேர விரைவோரின் அவசரமும், வெளிச்சமின்றி வைக்கப்படும் தடுப்புகளும் தனி அபாயங்களாதலால், தடுப்புகளில் ஒளி பிரதிபலிக்கும் பட்டைகள் ஒட்டுதலும், வேகக் கண்காணிப்பைத் தளர்த்தாமையும் அவசியமாகின்றன.