ஒற்றை வெடியும் ஒரகடமும்

ஒரகடம் வழியாகப் போகும்போதெல்லாம் ராயல் என்ஃபீல்டு தொழிற்சாலை கண்ணில் படும். 2013-இல் இங்கே உற்பத்தி தொடங்கினார்கள். என்ஃபீல்டு என்பது இங்கிலாந்தில் அரசாங்கத் துப்பாக்கித் தொழிற்சாலை இருந்த ஊர். அதற்கு உதிரிபாகம் செய்து கொடுத்தவர்கள்தான் பின்னால் தங்கள் வண்டிக்கும் அந்தப் பெயரை வைத்தார்கள். 1857-இல் சிப்பாய்கள் பல்லால் கடிக்க மறுத்த தோட்டா அந்த என்ஃபீல்டு துப்பாக்கிக்கு உரியது. குழல் வாய் வழியாக மருந்து போட்டு இடிக்க வேண்டும். ஒரு தடவைக்கு ஒரே வெடி. எடை நான்கு கிலோவுக்கு மேல்.

நம் பக்கத்து ஏரிக்கரைகளில் காடை, கவுதாரி, முயல் தேடி நடந்த நரிக்குறவர்கள் வைத்திருந்ததும் ஒற்றை வெடிதான். ஆனால் தோளில் மாட்டிக்கொண்டு நாள் முழுக்க நடக்கும்படி இலேசானது. மருந்து, துணி, ரவை என்று ஒவ்வொன்றாக இடித்து முடிப்பதற்குள் தப்பிய பறவை அடுத்த ஊருக்குப் போயிருக்கும். அதனால் மிக அருகில் போய்த்தான் சுடுவார்கள். அந்தப் பொறுமை எந்தச் சீமைத் துப்பாக்கியிலும் சேர்ந்து வராது.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். அந்த மொழியில் துப்பாக்கிக்கு 'ஃப்யூஸி' என்று பெயர். முதலில் சிக்கிமுக்கியில் தட்டும் இரும்பைத்தான் அப்படிச் சொன்னார்கள். நம் 'துப்பாக்கி' துருக்கியிலிருந்து வந்ததாம். உத்தியோகம் கிடைத்ததென்னவோ தாலுகா அலுவலகத்தில், இங்கிலீஷ் ஃபைல்களுக்கு நடுவே!

கடலைக்கொல்லைக்காரர்கள் வந்து, "ஐயா, ரைஃபிள் வாங்கலாமா?" என்று கேட்பார்கள். 1959-ஆம் வருட ஆயுதச் சட்டம், 13-ஆவது பிரிவு, அவர்களுக்காக முன்பே தேர்ந்தெடுத்து வைத்திருந்தது: பயிர்ப் பாதுகாப்புக்கு வாய்வழி மருந்திடும் துப்பாக்கி. அது போதாது என்று அதிகாரிக்குத் திருப்தியானால், உள்ளே வரியில்லாத வேறு குழல் துப்பாக்கி. நியாயமான ஏற்பாடுதான் என்பேன். ரைஃபிள் குழலின் உள்ளே சுருள் வரி உண்டு; குண்டு சுழன்றுகொண்டு கிலோமீட்டர் தாண்டியும் போகும். கூப்பிடு தூரத்துக்கு ஒரு கிராமம் இருக்கிற சமவெளியில் அது யார் வீட்டில் போய் விழும்? ரவையோ சிறிது தூரத்திலேயே வேகம் இழந்துவிடும்.

1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1991 திருத்தம் வேட்டையை அநேகமாக முழுவதும் மூடியது. பறவைகளுக்கு நல்லது. நரிக்குறவர்களுக்கு ஊசி பாசி விற்பதுதான் மிஞ்சியது. பழங்குடிப் பட்டியலில் அவர்களைச் சேர்த்தது 2023-இல்தான். அரை நூற்றாண்டுத் தாமதம்!

விவசாயிகள் கதை வேறு. தேர்தல் அறிவித்தால் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்குவார்கள். முடிந்ததும் துடைத்து எண்ணெய் போட்டு வீட்டுக்குக் கொண்டு போவார்கள். சிப்காட்டுக்கு நிலம் போன பிறகு சிலர் வழக்கம்போல் உரிமம் புதுப்பிக்க வந்தார்கள். மனுவில் 'எந்தப் பயிருக்கு, எந்த சர்வே எண்' என்று எழுத வேண்டிய இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார்கள்.