பிறந்த திகதி தெரியாதவருக்கும் ஒரு கட்டம்



எமது உடல்நல நிகழ்ச்சி முடிந்த ஒரு மாலை, நேயர் ஒருவர் தொலைபேசியில் கேட்ட கேள்விதான் இந்த மாத உரைக்குக் காரணம். அவருடைய மகள் பல்கலைக்கழகத்தில் கணனி படிக்கிறாள். விடுமுறையில் கடை வேலைக்குப் போகாமல், ஆபிரிக்க வைத்தியசாலைகளுக்கான மென்பொருள் ஒன்றில் சம்பளமில்லாமல் இரவிரவாக வேலை செய்கிறாளாம். "முகம் தெரியாத ஆக்களுக்கு ஏன் பிள்ளை சும்மா உழைச்சுக் குடுக்கவேணும்? இதிலை ஏதும் ஏமாத்து இருக்கோ, அண்ணை?" என்றார். நான் கணக்காளன் என்றபடியால் என்னிடம் கேட்டிருப்பார். இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கக்கூடிய பதில் இல்லை. அதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. அதில் நாம் விட்டுவந்த நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு.

ஏமாற்று எதுவும் இல்லை. இவ்வகை மென்பொருளைத் திறந்த மூல மென்பொருள் என்பார்கள். கடையில் வாங்கும் மென்பொருள் மூடிய பேரேடு போன்றது: மொத்தத்தைக் காட்டும், எப்படிக் கூட்டியது என்று காட்டாது. திறந்த மூல மென்பொருளின் ஒவ்வொரு வரியையும் எவரும் வாசிக்கலாம், படியெடுக்கலாம், தமக்கேற்ப மாற்றலாம். செய்த திருத்தத்தைத் திருப்பி அனுப்பினால், அங்கே ஏற்கெனவே இருப்பவர்கள் சரிபார்த்து ஏற்றுக்கொள்வார்கள். ஊரில் சிரமதானத்துக்கு மண்வெட்டியோடு வருபவரிடம் சான்றிதழ் கேட்பதில்லை அல்லவா? அதுபோலத்தான். ஆனால் வெட்டிய வாய்க்கால் சரியா என்று பார்ப்பார்கள்.

இலங்கையில் இது பெரிய அளவில் நடந்தது ஆழிப்பேரலையின்போது. 2004 டிசெம்பர் 26 அன்று இலங்கைக் கரையோரத்தில் 35,000 பேர் வரை இறந்தும் காணாமலும் போயினர். அம்பாறை, மட்டக்களப்பு, முல்லைத்தீவு ஆகியவை பட்ட பாட்டை இங்கே வாசிப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. காணாமற் போனவர் யார், எந்த முகாமில் எத்தனை பேர், எந்த நிறுவனம் எங்கே என்ன கொடுக்கிறது என்பதை ஒரே இடத்தில் எழுதி வைக்க வழியிருக்கவில்லை. கொழும்பில் இருந்த மென்பொருள் எழுதுநர்கள் தாமாகவே கூடி, அதற்கென ஒரு மென்பொருளைச் சில வாரங்களுக்குள் எழுதினார்கள். சிங்களத்தில் 'நிவாரணம்' என்ற பொருளில் அதற்கு 'சஹானா' என்று பெயர் வைத்தார்கள். லங்கா சொஃப்ட்வெயார் பவுண்டேசன் அதை முன்னெடுத்தது. அவர்களில் அநேகருக்கு நிவாரண வேலை முற்றிலும் புதிது. வங்கிக்கும் வெளிநாட்டுக் கம்பனிக்கும் புரோகிராம் எழுதியவர்கள், முகாமில் கூடாரமும் பால்மாவும் எப்படிக் கணக்கு வைக்கப்படுகின்றன என்று அப்போதுதான் கேட்டுப் படித்தார்கள்.

பின்னர் அதே மென்பொருள் 2005இல் பாகிஸ்தான் பூமியதிர்ச்சிக்கும், 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவுக்கும், 2010இல் ஹெயிட்டிக்கும் போனது. ஹெயிட்டியில் எந்த வைத்தியசாலை எங்கே இருக்கிறது என்பதைப் பல நாட்டுத் தொண்டர்கள் தேடித் தேடிப் பதிந்தார்கள். 2006ஆம் ஆண்டுக்கான, சமூகப் பயன் தரும் திட்டத்துக்குரிய விருதைச் சுதந்திர மென்பொருள் அறக்கட்டளை சஹானாவுக்கு வழங்கியது.

பெருமைப்படலாம். ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். அந்த மென்பொருளை எவரும் எடுக்கலாம் என்றிருந்தது. நிவாரணத்தைப் பகிர்வதில் நாடு அப்படி இருக்கவில்லை. அரசும் விடுதலைப் புலிகளும் 2005 ஜூனில் கைச்சாத்திட்ட ஆழிப்பேரலை நிவாரணப் பொதுக்கட்டமைப்பின் முக்கிய பகுதிகளை, அடுத்த மாதமே உயர்நீதிமன்றம் இடைநிறுத்தியது. நல்ல பதிவேடு இருந்தாற்போல் நல்ல பங்கீடு வந்துவிடாது.

அந்தப் பிள்ளை வேலை செய்யும் மென்பொருள் ஓப்பன் எம்.ஆர்.எஸ். என்று பிறகு அறிந்தேன். அதன் கதையும் 2004இல்தான் ஆரம்பிக்கிறது. கென்யாவின் மேற்கில் எல்டொரெட் என்ற நகரில் மோய் பல்கலைக்கழகமும் அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகமும் சேர்ந்து எச்.ஐ.வி. நோயாளருக்குச் சிகிச்சை நடத்தி வந்தன. அருகிலுள்ள மொசோரியொட் கிராமச் சுகாதார நிலையத்தில் 2001இலேயே கணனிப் பதிவு ஒன்று வைத்திருந்தார்கள். ஒரு கிராமத்துக்கு அது போதும். நோயாளர் தொகை பெருகியபோது தாங்கவில்லை. நிலைமையைப் பார்க்கப் போன பேர்க் மாம்லின், போல் பயோண்டிச் என்ற இரண்டு வைத்தியர்கள், புதிதாக ஒன்றை அடியிலிருந்து வடிவமைக்க முடிவெடுத்தார்கள். ருவாண்டா முதலிய நாடுகளில் இதே பிரச்சினையோடு மல்லுக்கட்டிய 'பார்ட்னர்ஸ் இன் ஹெல்த்' அமைப்பினரும், தென்னாபிரிக்காவின் மருத்துவ ஆராய்ச்சிச் சபையினரும் சேர்ந்துகொண்டார்கள். 2006இல் எல்டொரெட்டில் அது ஓடத் தொடங்கியது.

கணக்காளன் கண்ணால் இந்த மென்பொருளின் அட்டவணைகளைப் பார்த்தபோது என்னை இரண்டு விடயங்கள் நிறுத்தின.

நோயாளியின் பிறந்த திகதிக்குப் பக்கத்தில் இன்னொரு சிறு கட்டம் இருக்கிறது. இத் திகதி உறுதியானதா, மதிப்பிட்டதா என்று அதில் குறிக்கலாம். "வயது ஒரு நாற்பது இருக்கும்" என்று சொல்லும் தாயிடம் பொய்த் திகதி ஒன்றை வாங்கி எழுதத் தேவையில்லை. மதிப்பீடு என்றே எழுதி வைக்கலாம். இந்த நாட்டுக்கு அகதிகளாக வந்த எத்தனை பேருக்கு ஜனவரி முதலாம் திகதி பிறந்த நாளாகக் கொடுக்கப்பட்டிருக்கிறது! ஆப்கானியரிலும் சூடானியரிலும் ஏராளம் பேர். இடப்பெயர்வில் பத்திரங்களைத் தொலைத்த எமது வயோதிபரிலும் சிலர். ஒரு தடவை எழுதினால் அது உண்மைத் திகதியாகவே ஆகிவிடுகிறது. ஓய்வூதிய வயதும் அதன்படி, மருந்தின் அளவும் அதன்படி. அனுமானம் என்று அடையாளமிட ஒரு கட்டம் வேண்டும். கென்யாக் கிராமத்தை மனத்தில் வைத்துச் செய்த மென்பொருளில் அது இருக்கிறது. கிராமத்து வரிசையை நேரில் பார்த்தவர்கள் அதைச் செய்தவர்களோடு இருந்ததுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது, அழித்தல். எங்கள் தொழிலில் பேரேட்டை அழிறப்பரால் அழிப்பது பெரும்பாவம். பிழை என்றால் கோடு கீறி, கையொப்பமிட்டு, மாற்றுப் பதிவு போடுவோம். ஓப்பன் எம்.ஆர்.எஸ்.ஸிலும் ஒரு பதிவை நீக்கினால் சாதாரணமாக அது மறைந்து போவதில்லை. செல்லாது என்று குறிக்கப்பட்டு, யார் குறித்தார், எப்போது, என்ன காரணம் என்பவையோடு உள்ளேயே கிடக்கும். கணக்காய்வாளர் ஒருவர் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுத்ததுபோல் இருக்கிறது. பட்டியலில் பெயர் எழுதக் கொடுத்துப் பயந்த அனுபவமுள்ள சனத்துக்கு, யார் எழுதினார், யார் மாற்றினார் என்ற தடம் எவ்வளவு பெரிய விடயம் என்பது விளங்கும்.

புதியவர்கள் இதற்குள் எப்படி வந்தார்கள்? கூகிள் நிறுவனம் 2005இல் 'சமர் ஒஃப் கோட்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. திறந்த மூல அமைப்பு ஒன்றில் சில மாதம் வேலை செய்யும் மாணவருக்கு உதவித்தொகை கொடுப்பார்கள். அமைப்பில் உள்ள ஒருவர் வழிகாட்டுவார். 2006இல் சஹானாவும் 2007இல் ஓப்பன் எம்.ஆர்.எஸ்.ஸும் அதில் சேர்ந்தன. அத்திட்டத்தின் முதற் பத்தாண்டில் உலகிலேயே அதிக மாணவர்களை அனுப்பிய பல்கலைக்கழகம் அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ இல்லை. அது எமது மொறட்டுவைப் பல்கலைக்கழகம். மூத்த மாணவர் போய்வந்த வழியை இளையவருக்குச் சொல்லிக் கொடுக்கும் பழக்கம் அங்கே ஊன்றிவிட்டது. அவர்களில் சிலர் ஓப்பன் எம்.ஆர்.எஸ்.ஸுக்கும் போனார்கள்.

உள்ளே போகும் வழி நேரானது, ஆனால் சுகமானதல்ல. முதலில் மென்பொருளைத் தன் கணனியில் ஓடவைக்க வேண்டும். அதிலேயே இரண்டு மூன்று நாள் போய்விடும். பிறகு, புதியவருக்கென்றே ஒதுக்கி வைத்த சின்ன வேலைகளில் ஒன்றை எடுக்கவேண்டும்: தப்பான எழுத்து, வேலை செய்யாத பொத்தான், இப்படி. திருத்தி அனுப்பினால் எங்கோ கம்பாலாவிலோ சியாட்டிலிலோ இருக்கும் ஒருவர் வாசித்துவிட்டு, "இந்த வரி சரியில்லை, திரும்ப எழுது" என்பார். எல்லோரும் பார்க்கச் சொல்வார். பலர் அந்தக் கட்டத்தோடு போய்விடுவார்கள்; உதவித்தொகை முடிந்ததும் போகிறவர்களும் நிறைய. நின்றுபிடிப்பவர் சிலர்தான், அடுத்த வருடம் வழிகாட்டியாகிறார். இந்த நாட்டில் வேலை தேடியவர்கள் எல்லோரும் "லோக்கல் எக்ஸ்பீரியன்ஸ்" என்ற சொல்லைக் கேட்டிருப்பீர்கள். அங்கே அந்தக் கேள்வி இல்லை. செய்த வேலை பெயரோடும் திகதியோடும் எல்லோரும் பார்க்கக் கிடக்கிறது. அது பெரிய நன்மை. ஆனால் இரவு நேரமும் இணையமும் உள்ளவருக்குத்தான் அந்த நன்மை. இரண்டு ஷிப்ட் வேலை செய்யும் தகப்பனுக்கு அந்தக் கதவு திறந்திருந்தும் பயனில்லை. இதைத் திறந்த மூலத்தைப் புகழ்பவர்கள் சொல்வது குறைவு.

கணனி படித்தவர்கள் மட்டும்தான் புதியவர்கள் என்றில்லை. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவனம், நோர்வேயின் ஒஸ்லோப் பல்கலைக்கழக உதவியோடு, 2009இல் வைத்தியர்களுக்கென மருத்துவத் தகவலியல் முதுமாணிப் படிப்பைத் தொடங்கியது. ஸ்டெதஸ்கோப்போடு நின்றவர்கள் தரவுத்தளம் படித்தார்கள். ஒஸ்லோவில் உருவாகும் டி.எச்.ஐ.எஸ்.2 என்ற திறந்த மூல மென்பொருளை இலங்கைக்கு ஏற்ப மாற்றியவர்களில் அவர்கள் முக்கியமானவர்கள். இனவொதுக்கல் முடிந்த தென்னாபிரிக்காவில், இனவாரியாகப் பிரிந்து கிடந்த 14 சுகாதார நிர்வாகங்களின் கணக்கை ஒன்றாக்கப் பிறந்த மென்பொருளின் வாரிசு அது. 2006இல் கேரளத்தில் முதலில் ஓடியது. இன்று 70இற்கும் மேற்பட்ட நாடுகளில் இருக்கிறது.

2020 ஜனவரியில் சீனாவிலிருந்து வந்த செய்தி கேட்டு, கட்டுநாயக்காவில் வந்திறங்கும் பயணிகளைப் பதிந்து பின்தொடர ஒரு வழி தேவைப்பட்டது. சுகாதார அமைச்சும் இலங்கை டி.எச்.ஐ.எஸ்.2 குழுவினரும் சில நாட்களில் அதைக் கட்டிமுடித்தார்கள். ஜனவரி 27 அன்று இலங்கையில் முதலாவது தொற்றாளர் கண்டறியப்பட்டார். அவர்கள் செய்ததை ஒஸ்லோ எடுத்து உலகுக்குப் பொதுவாக்கியது. டசின் கணக்கான நாடுகள் அவ்வழியில் போயின; நோர்வேயின் நகரசபைகளும் தம் தொற்றாளரைத் தேட அதே மென்பொருளைப் பயன்படுத்தின. மாணவர் செய்ததை ஆசிரியர் வாங்கிப் படித்ததுபோல.

அதே நாட்டில் அதே காலத்தில், தொற்றாளரைத் தேடும் பணியில் இராணுவமும் புலனாய்வுத் துறையும் ஈடுபடுத்தப்பட்டன. இறந்த முஸ்லிம் மக்களின் உடல்களைக் குடும்பத்தாரின் விருப்பத்துக்கு மாறாக எரித்தார்கள். 2021 பெப்ரவரியில்தான் அடக்கம் செய்ய அனுமதித்தார்கள். ஒரு மென்பொருளில் என்னென்ன நிரல்கள் இருக்கின்றன என்பதை எவரும் பார்க்கலாம். நிரப்பிய பதிவேட்டை யார் திறந்து பார்க்கிறார் என்பதை மென்பொருளின் திறந்த தன்மை சொல்லாது. எங்கள் பிள்ளைகள் இந்த வேலைக்குள் போனால் அந்தக் கேள்வியையும் கூடவே கொண்டு போகட்டும்.

அவுஸ்திரேலியாவும் இதில் புதிதல்ல. நியூ சவுத் வேல்ஸின் டொரிகோ என்ற சிற்றூரில் குடும்ப வைத்தியராக இருந்த ஹோர்ஸ்ட் ஹெர்ப், 2000ஆம் ஆண்டளவில் 'குனுமெட்' என்ற திறந்த மூல மென்பொருளைத் தொடங்கினார். காலப்போக்கில் அதன் பாரத்தைச் சுமந்தவர்கள் ஜேர்மனியில் இருந்தவர்கள். மெல்பேர்ணில் உருவான 'தமானு' இன்று பசுபிக் தீவுகளின் வைத்தியசாலைகளில் இருக்கிறது. சமோவாவிலும் உண்டு, நவுறுவிலும் உண்டு. நவுறு என்ற பெயர் எம்மவர் சிலருக்கு வேறு ஞாபகங்களைத் தரும். தமானு என்பது, நேயர்களே, எங்கள் கடற்கரைப் புன்னை மரத்துக்குத் தீவுகளில் வழங்கும் பெயர்.

யார் பணம் கொடுக்கிறார் என்ற கேள்விக்கும் பதில் வேண்டும். எழுதுபவரில் ஒரு பகுதியினர் தொண்டர். இன்னொரு பகுதியினர் சம்பளம் பெறுபவர்கள். அந்தச் சம்பளத்தில் பெரும் பங்கு நோர்வே அரசு, அமெரிக்க அரசு, அறக்கட்டளைகள் ஆகியவற்றின் நன்கொடையிலிருந்து வந்தது. 2025இல் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தியபோது ஆபிரிக்காவின் எச்.ஐ.வி. திட்டங்கள் ஆட்டம் கண்டன. மென்பொருள் இலவசம்; மின்சாரமும் தாதியின் சம்பளமும் இலவசமில்லை. சும்மா உழைக்கும் பிள்ளையின் மணித்தியாலங்கள் எந்த ஐந்தொகையிலும் ஏறாத சொத்து என்று வேண்டுமானால் சொல்லலாம்.

கணனி தெரியாதவருக்கும் அங்கே வேலை உண்டு. இம்மென்பொருள்களின் திரையில் வரும் சொற்களைத் தொண்டர்கள்தான் மொழிபெயர்க்கிறார்கள். அகராதியோடு உட்கார்ந்தால் 'டிஸ்சார்ஜ்' என்பதற்கு 'வெளியேற்றம்' என்று போட்டுவிடுவோம். வாட்டில் படுத்திருப்பவர் அதைப் பார்த்துத் தன்னைத் துரத்துகிறார்கள் என்று நினைப்பார், அல்லது காயத்தில் வடியும் சீழ் என்று நினைப்பார். யாழ்ப்பாண ஆஸ்பத்திரியில் வேலை செய்து இளைப்பாறிய தாதி ஒருவரைக் கேட்டுப் பாருங்கள். "துண்டு வெட்டியாச்சு" என்பார்.