வர்த்தகப் பட்டம் பிறந்த வரலாறு

பி. காம். என்னும் பட்டத்தைத் தம் பெயருக்குப் பின்னே எழுதிக்கொள்வோர் தமிழர் வாழும் ஊர்களிலெல்லாம் மலிந்திருக்கின்றனர். பிள்ளை அப்பட்டம் பெற்றுவிட்டால் பாங்கிலோ கம்பெனியிலோ ஓர் உத்தியோகம் நிச்சயம் என்று பெற்றோர் எண்ணுவதும் நாம் அறிந்ததே. ஆனால், அப்பட்டம் எவ்வூரில் பிறந்தது, அதனை வகுத்தோர் யாரை மனத்திற்கொண்டு வகுத்தனர் என்று ஆராய்ந்தவர் சிலரே. ஆராய்ந்து பார்ப்பின், அது குமாஸ்தாக்களுக்கென்று செய்யப்பட்ட பட்டமே அன்று என்பது விளங்கும்.

இங்கிலாந்தின் நடுப்பகுதியிலே பர்மிங்ஹாம் என்னும் நகரம் இருக்கிறது. இரும்பையும் பித்தளையையும் கொண்டு திருகாணி, பொத்தான், துப்பாக்கி முதலிய ஆயிரம் பொருள்களைச் செய்து உலகெங்கும் அனுப்பிப் பேர் பெற்ற ஊர் அது. அவ்வூரிலே ஜோசையா மேசன் என்றொருவர் இருந்தார். 1795 ஆம் ஆண்டில் கம்பள நெசவாளி ஒருவருக்கு மகனாய்ப் பிறந்த இவர், எட்டு வயதிலேயே தெருவில் பணியாரம் விற்றுப் பிழைத்தவர். முறையான பள்ளிப்படிப்பு வாய்க்காமையால் எழுத்தையும் தாமே முயன்று கற்றுக்கொண்டார். இத்தகையவர் பிற்காலத்தில் எஃகுப் பேனா முள் செய்யும் தொழிலிலே இறங்கி, உலகத்துப் பேனா முள் உற்பத்தியாளர்களில் முதல்வராய் விளங்கினார். எத்தனையோ நாட்டுக் காரியாலயங்களிலே குமாஸ்தாக்கள் குனிந்தபடி எழுதிய பேரேடுகள், அவர் ஆலையிலிருந்து வந்த முள்ளால் எழுதப்பட்டவையே.

மேசன் தம் செல்வத்திலே ஏறக்குறைய 2 இலட்சம் பவுனைக் கொடுத்து ஒரு விஞ்ஞானக் கல்லூரியைக் கட்டுவித்தார். அது 1880 ஆம் ஆண்டு அக்டோபர் முதல் தேதி திறக்கப்பட்டது. திறப்பு விழாச் சொற்பொழிவு ஆற்றியவர், டார்வினுடைய கொள்கைக்காக மதகுருமாரோடு ஓயாது வாதிட்ட ஹக்ஸ்லியே ஆவார். அக்கல்லூரியிலே மதசாத்திரப் பாடம் கூடாது, கட்சி அரசியல் கூடாது, வெறும் ஏட்டிலக்கியப் படிப்பும் கூடாது என்று மேசன் தம் சாசனத்திலே விதித்திருந்தார். மூன்றாவது விலக்கு நமக்கு உடன்பாடன்று. முதல் விலக்கை, கும்பாபிஷேகத்துக்கு வாரி வழங்கும் நம் தனவந்தர்கள் ஒருமுறையேனும் சிந்தித்துப் பார்க்கலாம்.

இக்கல்லூரியே 1900 ஆம் ஆண்டில் அரச சாசனம் பெற்றுப் பர்மிங்ஹாம் சர்வகலாசாலையாக உயர்ந்தது. மத பேதமின்றியும், ஆடவர் பெண்டிர் என்ற வேற்றுமையின்றியும் பட்டம் வழங்கும் நிலையமாக அது அமைந்தது. அதன் முதல் தலைவர் ஜோசப் சேம்பர்லேன். திருகாணி ஆலையிலே பெரும் பொருள் ஈட்டி, நகராட்சித் தலைவராயிருந்து, பிறகு அரசியலில் புகுந்தவர் அவர். மலாய் நாட்டாருக்கு அவரைப் பற்றி அறியவேண்டிய செய்தி ஒன்றுண்டு. 1895 முதல் 1903 வரை பிரிட்டனின் குடியேற்ற நாட்டு மந்திரி அவரே. பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் என்ற நான்கு ராஜ்யங்களும் 1896-ல் ஐக்கிய மலாய் நாடுகள் என்று ஒன்றாக்கப்பட்டது அவர் மந்திரிப் பொறுப்பிலிருந்த காலத்திலேதான். ஒரு கையால் நம் நாட்டு ஆட்சியை நடத்திக்கொண்டு, மறு கையால் தம் ஊருக்கு ஒரு சர்வகலாசாலையை நிறுவியவர் என்று அவரைக் கூறலாம்.

அக்காலத்திலே பிரிட்டிஷ் முதலாளிகளின் உள்ளத்திலே ஓர் அச்சம் குடிகொண்டிருந்தது. ஜெர்மனியும் அமெரிக்காவும் உலகச் சந்தைகளில் தங்களை முந்திக்கொண்டு வருகின்றன என்பதே அவ்வச்சம். அமெரிக்காவிலே பிலடெல்பியா நகரத்து வார்ட்டன் பள்ளி 1881-லேயே தோன்றிவிட்டது. ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வர்த்தக உயர்கல்லூரி 1898-ல் ஏற்பட்டது. இங்கிலாந்திலோ, வியாபாரம் கடையிலே கற்கத்தக்கது, கலாசாலையிலே கற்கத்தக்கதன்று என்பதே பெரிய மனிதர்களின் கொள்கையாயிருந்தது. அக்கொள்கையை உடைத்தவர் பேராசிரியர் வில்லியம் ஆஷ்லி.

ஆஷ்லியின் தந்தையார் லண்டனிலே தொப்பி செய்யும் கூலித் தொழிலாளி. மகன் உபகாரச் சம்பளத்தில் ஆக்ஸ்போர்டிலே பயின்று, கானடாவில் ஆசிரியராயிருந்து, 1892-ல் அமெரிக்காவின் ஹார்வர்டிலே பொருளாதாரச் சரித்திரப் பேராசிரியரானார். அப்பாடத்துக்கென ஆங்கிலம் வழங்கும் உலகில் ஏற்பட்ட முதல் பீடம் அதுவே. அவரை 1901-ல் பர்மிங்ஹாம் அழைத்துக்கொண்டது. மறு ஆண்டு வர்த்தகப் பகுதி தொடங்கிற்று. மூன்றாண்டுப் படிப்பின் முடிவிலே வழங்கப்பட்ட பட்டமே பி. காம். அதில் கணக்குப் பதிவும் உண்டு, அந்நிய மொழியும் உண்டு, சரித்திரமும் உண்டு, கைத்தொழில்களின் செய்முறை பற்றிய அறிவும் உண்டு. கணக்குப் பாடத்துக்கென்றே லாரன்ஸ் டிக்ஸி என்னும் தணிக்கையாளரைப் பேராசிரியராய் நியமித்தனர். இங்கிலாந்திலே அப்படி ஒரு பீடம் அதற்கு முன் இருந்ததில்லை. கணக்கு எழுதுபவனை உண்டாக்குவது ஆஷ்லியின் நோக்கமன்று. பிறன் எழுதிய கணக்கைப் படித்து முடிவு செய்பவனை உண்டாக்குவதே நோக்கம்.

வர்த்தகம் என்னும் சேனையிலே தாம் பயிற்ற விரும்புவது சாதாரணச் சிப்பாய்களை அன்று, அதிகாரிகளையே என்று ஆஷ்லி வெளிப்படையாகக் கூறினார். முதலாளி, டைரக்டர், நிர்வாகி, காரியதரிசி ஆகியோரையே அவர் அதிகாரி என்று குறித்தார். தொப்பித் தொழிலாளியின் மைந்தன் இவ்வாறு பேசியது விந்தையே. எனினும், அந்த அதிகாரிப் பதவிக்குப் பிறப்பு வேண்டியதில்லை, படிப்பு வேண்டும் என்று சொல்லாமற் சொன்னதே அதன் பெருமை.

இதன் அருமை தமிழராகிய நமக்கு எளிதில் விளங்கும். கணக்குக் கலை நமக்குப் புதிதன்று. சிங்கப்பூர் மார்க்கெட் தெருவிலே கிட்டங்கி வைத்து வட்டித் தொழில் நடத்திய நாட்டுக்கோட்டை நகரத்தார், குறிப்பேடும் பேரேடும் ஐந்தொகையும் எந்த வெள்ளைக்காரப் பாங்குக்கும் குறையாத நுட்பத்தோடு எழுதினர். பையன் இளவயதிலேயே பெட்டியடியில் அமர்ந்து பழகுவான். தேர்ந்தபின் மூன்றாண்டுத் தவணைக்கு ஏஜெண்டாய்ப் பர்மாவுக்கோ மலாயாவுக்கோ கப்பலேறுவான். அது ஒரு சிறந்த வர்த்தகப் பள்ளியே, சந்தேகமில்லை. ஆனால் அதன் வாயில் ஒரு சாதிக்கு மட்டுமே திறந்திருந்தது. பால்மரத் தோட்டத்திலே பிறந்த பிள்ளை எவ்வளவு கூர்மதி படைத்தவனாயினும் அப்பெட்டியடியை அணுக முடியாது. கட்டணம் செலுத்தி, பரீட்சையிலே தேறியவன் எவனும் உட்காரலாம் என்ற பர்மிங்ஹாம் முறை, எத்தனை குறை உடையதாயினும், அதனினும் நல்லதே.

ஆனால் அம்முறை நம் நாட்டுக்கு எப்பொழுது வந்தது? சேம்பர்லேன் தம் ஊருக்கு வர்த்தகக் கல்வியை அமைத்த அதே காலத்தில், அவர் இலாகாவின் கீழிருந்த மலாயாவிலே ஆங்கிலப் பள்ளிகள் செய்த வேலை, துரைமார் காரியாலயத்துக்குக் கிராணிகளைத் தயாரித்தது. 1928-ல் மாணவரைச் சேர்த்துக்கொள்ளத் தொடங்கிய ராபிள்ஸ் கல்லூரியிலே பொருளாதாரம் இருந்தது. வர்த்தகப் பகுதி இல்லை. 1949-ல் மலாயா சர்வகலாசாலை ஏற்பட்டபோதும் அதே நிலைதான். 1956-ல் சிங்கப்பூரிலே வகுப்புத் தொடங்கிய நன்யாங் சர்வகலாசாலையிலேதான் கலை, விஞ்ஞானம் இரண்டோடு வர்த்தகமும் ஒரு தனிக் கல்லூரியாய் அமைந்தது. அது அரசாங்கம் தந்ததன்று. டான் லார்க் சை போன்ற ரப்பர் முதலாளிகளும், திரிஷா மிதித்த ஏழைத் தொழிலாளரும் ஈந்த பொருளால் சீன மக்கள் எழுப்பியது. சிங்கப்பூர் சர்வகலாசாலையின் வியாபார நிர்வாகப் பகுதி 1965-ல் வந்தது. கோலாலம்பூரின் பொருளாதார நிர்வாகப் பகுதி 1966-ல் வந்தது. பர்மிங்ஹாமுக்கும் நன்யாங்குக்கும் இடையே 54 ஆண்டுகள். அந்த 54 ஆண்டுகளும், அதிகாரி அங்கே படித்துவிட்டு இங்கே வந்தான். சிப்பாய் இங்கேயே இருந்தான்.

பர்மிங்ஹாமைத் தொடர்ந்து மான்செஸ்டர் 1904-லும், லண்டன் 1919-லும் வர்த்தகப் பட்டத்தை மேற்கொண்டன. இந்த லண்டன் பட்டத்தைத் தேடி 1933-ல் ஒரு பதினெட்டு வயது வாலிபர் கப்பலேறி வந்தார். பெயர் ஆர்தர் லூயிஸ். கரும்புத் தோட்டங்கள் நிறைந்த மேற்கிந்தியத் தீவுகளில் செயிண்ட் லூசியா என்னும் சிறு தீவிலே, நீக்ரோ குடும்பத்திலே பிறந்தவர். பள்ளிப் படிப்பைப் பதினான்கு வயதிலேயே முடித்துவிட்டமையால், உபகாரச் சம்பளப் பரீட்சைக்குரிய வயது வரும்வரை அரசாங்கக் காரியாலயத்திலே குமாஸ்தாவாய் உழைத்தார். அவர் விரும்பியது எஞ்சினீயர் படிப்பு. கறுப்பரை எஞ்சினீயராய்ச் சர்க்காரும் அமர்த்தாது, தோட்ட முதலாளிகளும் அமர்த்தார். ஆகவே வேறு வழியின்றி பி. காம். எடுத்தார். 1937-ல் முதல் வகுப்பிலே தேறினார். அதிகாரிகளுக்கென்று வகுத்த படிப்பு இவ்வாறு ஒரு தோட்ட நாட்டுக் குமாஸ்தாவின் கைக்குச் சென்றது.

அவர் அதைக்கொண்டு கேட்ட கேள்வி வேறு எந்த டைரக்டரும் கேளாத கேள்வி. தோட்டத்து விளைபொருள் ஏன் இவ்வளவு மலிவு? 1910-ல் ரப்பர் விலை இராத்தல் 12 ஷில்லிங்கைத் தாண்டியபோதும் பால்வெட்டுபவன் கூலி ஏன் காசுக் கணக்கிலேயே நின்றது? ரப்பரைப் பற்றி மட்டுமன்று, தேயிலை, சர்க்கரை, கோக்கோ யாவற்றுக்கும் பொருந்தும் விடையை மான்செஸ்டரிலே பேராசிரியராயிருந்தபோது 1954-ல் ஒரு கட்டுரையாகவும், 1978-ல் வெளிவந்த ஒரு சிறு நூலாகவும் அவர் எழுதினார். 1979-ல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது.

அவர் விடை வருமாறு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கி இரு பெரும் மக்கட் கூட்டங்கள் கடல் கடந்தன. ஐரோப்பாவிலிருந்து சுமார் 5 கோடிப் பேர் அமெரிக்கா, ஆஸ்திரேலியா முதலிய குளிர் நாடுகளுக்குச் சென்றனர். இந்தியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் சுமார் 5 கோடிப் பேர் வெப்ப நாட்டுத் தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும் சென்றனர். ஐரோப்பியனை அழைக்க வேண்டுமானால், சொந்த நாட்டில் அவன் பெறுவதைவிட அதிகம் தரவேண்டும். 1900-ல் பிரிட்டனிலே ஓர் ஏக்கரில் 1600 இராத்தல் கோதுமை விளைந்தது. வெப்ப நாடுகளிலோ ஏக்கருக்கு 700 இராத்தல் தானியமே. தன் வயலில் இவ்வளவே கண்டவன், அதற்குச் சற்று மேற்பட்ட கூலிக்கே கப்பலேறச் சம்மதித்தான். ஆகவே, கம்பளி விலை ஒரு வகையாகவும் ரப்பர் விலை வேறொரு வகையாகவும் அமைந்தன. மரம் அதிகம் பால் தந்தாலும் அவன் கூலி உயராது. கரும்பு விளைச்சல் பன்மடங்கு பெருகியும் கரும்புத் தொழிலாளி ஏழையாகவே நின்றதை லூயிஸ் எடுத்துக் காட்டினார். குடியானவனின் வயல் செழித்தால் தோட்டத்துக்கு மலிவான ஆள் கிடையாது. ஆதலால் அவ்வயல் செழிப்பதிலே ஏகாதிபத்தியங்களுக்கு அக்கறையில்லை என்றும் கூறினார்.

கங்காணிகள் திருச்சி, தஞ்சை, சேலம், வடஆர்க்காடு ஜில்லாக்களிலே ஆள் திரட்டியதை இக்கணக்கோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். பெரட்டுக்களத்திலே கிராணி செக்ரோலைத் திறந்து பேர் கூப்பிடும்போது, எதிரே நின்றவனின் அன்றைய கூலி அத்தோட்டத்திலே தீர்மானிக்கப்பட்டதன்று, லண்டன் கம்பெனியிலே தீர்மானிக்கப்பட்டதுமன்று. அவன் விட்டுவந்த மானாவாரிக் கொல்லையிலே, மழை பொய்த்த ஏதோ ஒரு வருஷத்திலே, அது தீர்மானமாகியிருந்தது.