கையெழுத்தும் கல்லெழுத்தும்

ராயபுரத்தில் இன்றைக்கும் ஒருவனைப் பலே கைகாரன் என்று சொல்ல வேண்டுமானால், "அவன் சரியான எம்டன்" என்பார்கள். எம்டன் என்பது ஒரு கப்பலின் பெயர் என்பது, சொல்லுகிறவர்களில் பலருக்குத் தெரியாது. 1914 செப்டம்பர் 22ஆம் தேதி இரவு அந்த ஜெர்மன் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று சுமார் 130 குண்டுகளைப் பொழிந்தது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. ஜனங்கள் மூட்டை முடிச்சுகளோடு ஊரைவிட்டுக் கிளம்பினார்கள். அந்தச் சில நிமிஷ வேலைக்காக நூறு வருஷத்துக்கு மேலாக அந்தப் பெயரை நாக்கில் வைத்துப் போற்றி வருகிறோம்.

இன்னும் சற்று வடக்கே போனால் திருவொற்றியூரில் காலடிப்பேட்டை. 1717 முதல் 1720 வரை சென்னையில் கவர்னராக இருந்த காலெட் என்பவர் நெசவாளிகளைக் குடியேற்றிய இடம். காலெட்பேட்டை நம் வாயில் விழுந்து காலடிப்பேட்டை ஆகிவிட்டது. சுட்டவன் பெயர் இருக்கிறது. ஆண்டவன் பெயரும் இருக்கிறது. இந்தத் தெருக்களிலிருந்து இரண்டு உலக யுத்தங்களுக்குப் போன பையன்களின் பெயர் எங்கே இருக்கிறது?

இந்தக் கேள்வியை நானாக யோசித்தேன் என்று பெருமையடித்துக்கொள்ள முடியாது. காலடிப்பேட்டையில் என் சிநேகிதர் வீட்டுக்கு அடுத்த வீட்டு மூதாட்டி கேட்ட கேள்வி அது. வயது எண்பத்தைந்து. ஒரு பிஸ்கோத்து டப்பாவைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். உள்ளே ஆறு முனையுள்ள ஒரு பித்தளை நிற நட்சத்திரமும், மடித்து மடித்து நைந்துபோன ஒரு கடிதமும் இருந்தன.

"நைனா யுத்தத்துக்குப் போனாரு, திரும்பலை. எனக்கு அப்போ மூணு வயசு. எங்கே செத்தாருன்னு மட்டும் பார்த்துச் சொல்லு தம்பி. இல்லாததையெல்லாம் கதையா எழுதறியே, இருக்கறதைக் கண்டுபிடிக்க மாட்டியா?"

நான் கல்லூரிப் படிப்பை இரண்டாம் வருஷத்தோடு முடித்துக்கொண்டவன். சரித்திரத்தில் பட்டம் கிடையாது. ஆனாலும் அந்தக் கடைசி வாக்கியம் சுருக்கென்று தைத்தது. டப்பாவை வாங்கிக்கொண்டேன்.

தகப்பனார் பெயர் என்ன என்று கேட்டேன். சொன்னார். யுத்தத்தில் இறந்தவர்களின் பதிவேட்டில் அந்தப் பெயரைத் தேடினேன். இல்லை. ஒரு தமிழ்ப் பெயரை ராணுவ குமாஸ்தா இங்கிலீஷில் எத்தனை விதமாக எழுதுவான் என்று உங்களுக்குத் தெரியும். முனுசாமி என்பவன் முனிஸ்வாமி ஆவான், மூனூசாமி ஆவான், முன்னசாமியும் ஆவான். அப்படியெல்லாம் மாற்றி மாற்றித் தேடியும் பலன் இல்லை.

அந்தப் பதிவேட்டை வைத்திருப்பது காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம். 1917இல் ஏகாதிபத்தியப் போர்க் கல்லறை ஆணையம் என்ற பெயரில் தொடங்கியது. செத்தவர்களில் உயர்ந்தவன் தாழ்ந்தவன் கிடையாது, எல்லோருக்கும் பெயர் பொறிக்கப்படும் என்பது அதன் கொள்கை. நல்ல கொள்கைதான். ஆனால் முதல் யுத்தத்தில் மெசபடோமியாவில் இறந்தவர்களுக்காக பாஸ்ராவில் எழுப்பிய நினைவுச் சின்னத்தில், இந்தியப் படைகளின் அதிகாரிகளுக்குத்தான் பெயர் உண்டு. மற்றச் சிப்பாய்கள் இன்ன படையில் இத்தனை பேர் என்ற வெறும் எண்ணிக்கை. கூலிப் படைகளில் போனவர்களுக்குப் பதக்கத்திலேயே வித்தியாசம்: சிப்பாய்க்கு வெள்ளி, கூலிக்கு வெண்கலம். 2021இல் அந்த ஆணையமே ஒரு விசாரணை அறிக்கை வெளியிட்டு, குறைந்தது 1,16,000 பேர் பெயரில்லாமலோ நினைவே இல்லாமலோ விடப்பட்டார்கள் என்றும், அது 3,50,000 வரைகூட இருக்கலாம் என்றும் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது.

நம் நாட்டிலும் அதே கதைதான். தமிழ்நாட்டுக் கிராமங்கள் சிலவற்றில் ஒரு சின்னக் கல்வெட்டைப் பார்க்கலாம். இந்த ஊரிலிருந்து 1914-1919 மகாயுத்தத்துக்கு இத்தனை பேர் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்று இங்கிலீஷில் எழுதியிருக்கும். யார் யார் என்று இருக்காது.

இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் செங்கம் பக்கத்து எடுத்தனூர் நடுகல் ஞாபகம் வரும். முதலாம் மகேந்திரவர்மன் காலத்துக் கல். ஒரு வீரன் மடிந்தான். அவனோடு நின்று கள்வர்களைக் கடித்த நாய்க்கும் அந்தக் கல்லில் இடம் கொடுத்து, அதன் பெயர் கோவிவன் என்றும் வெட்டி வைத்தார்கள். ஆயிரத்து நானூறு வருஷங்களுக்கு முன்னால் ஒரு நாயின் பெயரைக் கல்லில் வெட்டத் தெரிந்த நாட்டிலிருந்து போனவர்களுக்குத்தான், பாஸ்ராவில் எண்ணிக்கை மட்டும் மிஞ்சியது.

நல்லவேளையாக, மூதாட்டியின் தகப்பனார் போனது இரண்டாம் யுத்தத்துக்கு. அந்த யுத்தத்துச் சிப்பாய்களுக்கு ஆணையம் பெயர் எழுதியிருக்கிறது. பெயர் எது என்பதுதான் சிக்கல்.

நட்சத்திரத்தைத் திருப்பிப் பார்த்தேன். அது பர்மா ஸ்டார். பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கு இதைப் பெயர் பொறிக்காமல் கொடுத்தார்கள். இந்தியாவில் வழங்கியவற்றில் எண்ணும் பெயரும் படையும் பொறித்தார்கள். நமக்கு லாபமாக அமைந்த வித்தியாசம் இது ஒன்றுதான் என்று நினைத்தேன். ஆனால் எழுபது எண்பது வருஷமாகப் பொங்கலுக்குப் பொங்கல் புளி போட்டுத் தேய்த்திருந்தார்கள். பயனியர் படை என்பதைக் குறிக்கும் எழுத்துகளும் எண்ணில் முதல் நாலைந்து இலக்கங்களுமே மிச்சம். சாலை போடுவதும் மூட்டை சுமப்பதும் அந்தப் படையின் வேலை. பர்மா அரிசி வரத்து நின்றுபோய் விலை ஏறிய நாளில், எத்தனையோ பேர் அதில் சேர்ந்தார்கள்.

அப்புறம் கடிதம். உறையின் மேல் ஊர்ப் பெயர் இல்லை. தணிக்கை முத்திரையும், ராணுவக் களத் தபால் நிலையத்தின் எண்ணும்தான் இருந்தன. எதிரிக்குத் தெரியாமல் இருப்பதற்காக இடத்துக்குப் பதிலாக எண் போடுவது யுத்தகால வழக்கம். எந்த எண் எந்த மாதத்தில் எங்கே இருந்தது என்று, பழைய தபால் முத்திரைகளைச் சேகரிக்கிறவர்கள் பிற்பாடு பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்ததில் அரக்கான் என்று தெரிந்தது. வருஷம் 1944.

கடிதத்தின் அடியில் கையெழுத்து. பென்சில். சிலேட்டில் எழுதிப் பழகின குண்டு குண்டான தமிழ் எழுத்து. அதைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மூதாட்டி சொன்ன பெயர் அல்ல அது.

மறுநாள் போய்க் கேட்டேன். "அம்மா உங்க நைனா பேரைச் சொன்னதில்லையா?"

"புருஷன் பேரை எந்தப் பொம்பளை தம்பி சொல்லுவா? தெருவிலே எல்லாரும் கூப்பிட்ட பேரைத்தான் நான் சொன்னேன்."

பென்ஷன் தாள்கள் குடிசை எரிந்த தீயில் போய்விட்டன. தாயார் கைநாட்டு வைத்தே காலம் கழித்தவர். புருஷன் பெயரை வாயால் சொல்லாமலே அறுபது வருஷம் விதவையாக இருந்து கண்ணை மூடிவிட்டார். தெருப் பெயர்தான் மகளுக்குக் கிடைத்த பெயர். சொந்தப் பெயருக்கு இந்த உலகத்தில் இருந்த ஒரே சாட்சி அந்தப் பென்சில் கையெழுத்து.

அந்தப் பெயரையும் நட்சத்திரத்தில் மிஞ்சிய இலக்கங்களையும் வைத்துத் தேடினேன். கிடைத்தது. ரங்கூனுக்கு வடக்கே தௌக்கியான் என்ற இடத்துப் போர்க் கல்லறையில் ரங்கூன் நினைவுச் சின்னம் இருக்கிறது. கல்லறை இல்லாமல் போன சுமார் 27,000 பேரின் பெயர்கள் அதன் தூண்களில். அவற்றில் ஒன்று இவர். இறந்தது 1945 தொடக்கத்தில். பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. அது அந்த வீட்டுச் சொத்து.

அச்சடித்த தாளை எடுத்துக்கொண்டு காலடிப்பேட்டைக்குப் போனேன். எண், பெயர், படை, தேதி, இடம் என்று ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னேன். மூதாட்டி தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். அழவில்லை. கடைசியாக, இன்னாரின் மகன், செங்கற்பட்டு ஜில்லா திருவொற்றியூர் இன்னாளின் புருஷன் என்று இருந்த வரியைப் படித்தேன்.

"இன்னொரு தரம் படி."

படித்தேன்.

"எங்க அம்மா பேரா? அங்கேயா?"

"ஆமாம்மா. படையிலே சேரும்போது அவர் சொல்லியிருப்பார். எழுதி வைச்சிருக்காங்க."

வெகு நேரம் பேசாமல் இருந்தார். நட்சத்திரத்தை எடுத்து முந்தானையால் துடைக்கப் போனவர், துடைக்காமல் டப்பாவிலேயே போட்டு மூடினார்.

"அம்மா சாகற வரைக்கும் அவர் பேரை வாயிலே எடுக்கலை. அவரு பாரு, அம்மா பேரைச் சொல்லிட்டுப் போயிருக்காரு."