எரிக்கச் சொன்ன தாள்கள்: ஓட்டோ டீட்ரிச்சின் பத்திரிகை ஆட்சி

பொய்ப் பிரச்சாரம் என்றதும் தமிழ் மேடைகளில் வந்து விழும் பெயர், ஹிட்லரின் பிரச்சார அமைச்சர் கோயபல்ஸ். ஆனால் நாஜி ஜெர்மனியின் செய்தித்தாள்களில் மறுநாள் என்ன வரவேண்டும் என்று ஹிட்லரின் பக்கத்திலேயே இருந்து தீர்மானித்தவர் வேறொருவர்: ஓட்டோ டீட்ரிச். பன்னிரண்டு ஆண்டு நாஜி ஆட்சி நெடுகக் கட்சியின் பத்திரிகைத் தலைவராக இருந்தும், இவரைப் பற்றிய ஆய்வுகள் கோயபல்ஸைப் பற்றியவற்றைவிட மிகக் குறைவு. டீட்ரிச்சின் ஆயுதம் பேச்சாக இல்லாமல் தினமும் வந்துபோகும் ஒரு துண்டுத்தாளாக இருந்ததே இதற்குக் காரணம் என்று கருதுகிறேன்.

1897இல் எசன் நகரில் பிறந்த டீட்ரிச் முதல் உலகப்போரில் இரும்புச் சிலுவை பெற்றவர். 1921இல் அரசியல் துறையில் முனைவர் பட்டம் வாங்கியவர். பிறகு பொருளாதாரச் செய்தியாளர். ரூர் வட்டாரத்துப் பெரிய நாளிதழ் ஒன்றின் அதிபர் இவருக்கு மாமனார். தொழிலதிபர்களின் வட்டாரத்தில் தடையின்றிப் பழகக்கூடிய இப்படி ஓர் ஆள் அன்றைய நாஜிக் கட்சிக்குத் தேவைப்பட்டார். 1929இல் கட்சியில் சேர்ந்தார். 1931 ஆகஸ்ட் 1 அன்று கட்சியின் பத்திரிகைத் தலைவரானார். 1932 ஜனவரியில் டுசல்டார்ஃப் தொழிலதிபர் மன்றத்தில் ஹிட்லர் ஆற்றிய உரையே முதலாளிகளைக் கட்சியின் பக்கம் திருப்பியது என்று 1934இல் வெளியிட்ட நூலில் எழுதினார். அந்தக் கதை நெடுநாள் பாடநூல்களில் உலவியது. அமெரிக்க வரலாற்றாசிரியர் ஹென்றி டர்னர் பின்னாளில் ஆவணங்களைப் புரட்டி, அது மிகைப்படுத்தல் என்று காட்டினார். ஒரு பிரச்சாரகர் தன் தலைவனைப் பற்றி எழுதியதை அரை நூற்றாண்டு சான்றாக எடுத்துக்கொண்டார்கள். அதில் குறை அவருடையது மட்டுமா?

ஹிட்லர் ஆட்சிக்கு வந்த சில மாதங்களில் பத்திரிகையாளர் சங்கம் டீட்ரிச்சின் கைக்கு வந்தது. 1933 அக்டோபர் 4இல் நிறைவேறி மறு ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ஆசிரியர் சட்டம் சங்கத்தின் பதிவேட்டில் பெயர் இல்லாதவர் பத்திரிகையில் எழுதக்கூடாது என்றது. யூதர்களுக்கும் யூதரை மணந்தவர்களுக்கும் அந்தப் பதிவேட்டில் இடமில்லை. இதைவிடச் சத்தமில்லாமல் நடந்த மாற்றம் ஒன்று உண்டு. ஹிட்லருக்கு முந்தைய வைமார் குடியரசில் பெர்லின் செய்தியாளர்கள் தாங்களே கூட்டம் நடத்தி அரசின் பேச்சாளர்களை அழைத்துக் கேள்வி கேட்பார்கள். 1933 ஜூலை முதல் கூட்டம் பிரச்சார அமைச்சகத்துடையதானது. அரசு அழைத்தது, செய்தியாளர் போய் உட்கார்ந்தார். விருந்தாளி வீட்டுக்காரராகிவிட்டார்!

1938இல் டீட்ரிச் ஆட்சியின் பத்திரிகைத் தலைவராகவும் அமைச்சகத்தின் அரசுச் செயலராகவும் ஆனார். அமைச்சகத்தில் கோயபல்ஸுக்குக் கீழே. கட்சிப் பதவியில் அவருக்குச் சமமாக, நேரே ஹிட்லருக்குப் பதில் சொல்பவர். இந்த முடிச்சை ஹிட்லர் வேண்டுமென்றே போட்டுவைத்தார் என்றே தோன்றுகிறது. போர்க்காலத்தில் டீட்ரிச் ஹிட்லரின் தலைமையகத்தில் தங்கி, வெளிநாட்டுச் செய்திச் சுருக்கத்தை அவர் முன் வைப்பார். அவர் சொல்வதைக் குறித்துக்கொண்டு பெர்லினுக்கு அனுப்புவார். 1940 முதல் இதற்கு ‘நாள் முழக்கம்’ என்ற பெயர் வந்தது. நண்பகல் கூட்டத்தில் அதை வாசிப்பார்கள். எந்தச் செய்தி முதல் பக்கம், எது உள்பக்கம், எந்தச் சொல் கூடாது என்பதெல்லாம் அதில் இருக்கும். போருக்கு முந்தைய ஆணை ஒன்று, அமைச்சர்கள் மதுப்புட்டிகள் வரிசையாக நிற்கும் விருந்து மேசையில் இருக்கும் படங்களைப் போடக்கூடாது என்கிறது. நாட்டுக்கே சிக்கனம் போதித்த ஆட்சிக்குப் புட்டிகளை எண்ணவும் ஆள் இருந்திருக்கிறது. இந்த ஆணைகளின் குறிப்புகளைப் படித்ததும் அழித்துவிட வேண்டும் என்பது நிலையான விதி.

இந்த இயந்திரம் அதன் உரிமையாளரையே ஏமாற்றிய நாள் 1941 அக்டோபர் 9. வியாஸ்மாவிலும் பிரியான்ஸ்கிலும் சோவியத் படைகள் சுற்றிவளைக்கப்பட்டிருந்தன. ஹிட்லர் அனுப்ப, டீட்ரிச் பெர்லினுக்கு வந்து வெளிநாட்டுச் செய்தியாளர்களைக் கூட்டி, கிழக்குப் போர் முடிவாகிவிட்டது என்று அறிவித்தார். மறுநாள் ஜெர்மன் ஏடுகள் அதையே தலைப்பாக்கின. டிசம்பர் தொடக்கத்தில் செஞ்சேனை மாஸ்கோவுக்கு முன்னால் எதிர்த்தாக்குதல் தொடங்கியது. மக்கள் நம்பிக்கையை இப்படி வீணடித்ததற்காகக் கோயபல்ஸுக்கு இவர்மேல் கடுங்கோபம். இருவருக்குமான பூசல் 1945 மார்ச் இறுதிவரை நீண்டது. அப்போது ஹிட்லர் டீட்ரிச்சைப் பதவியிலிருந்து நீக்கினார். அணைக்கப் போகும் அடுப்புக்குச் சமையல்காரரை மாற்றிய கதைதான்.

போருக்குப் பின் கூடிய நூரம்பர்க் நீதிமன்றங்கள் இரண்டு விதமாகத் தீர்ப்பளித்தன. டீட்ரிச்சின் கீழ் ஜெர்மன் பத்திரிகைப் பிரிவை நடத்தி, நண்பகல் கூட்டத்தில் ஆணைகளை வாசித்த ஹான்ஸ் ஃபிரிட்சே 1946இல் முதன்மை வழக்கில் விடுதலையானார். பிரச்சாரத் திட்டங்களை வகுக்கும் அளவுக்கு அவர் பதவி பெரிதல்ல என்றது நீதிமன்றம்; சோவியத் நீதிபதி உடன்படவில்லை. வகுத்தவர் யார் என்ற கேள்விக்கு அடுத்து நடந்த அமைச்சகங்கள் வழக்கு விடை சொன்னது. யூத வெறுப்பைப் பரப்புமாறு நாளிதழ்களுக்கும் வார, மாத இதழ்களுக்கும் சென்ற ஆணைகளே அங்கே சான்றாயின. அவை தற்செயலான சொற்கள் அல்ல, யூதர்மேல் நடந்த கொடுமைகளுக்கும் நடக்கப்போகும் கொடுமைகளுக்கும் மக்கள் மனத்தைப் பழக்கிய திட்டமிட்ட இயக்கம் என்று நீதிபதிகள் கண்டனர். மனிதகுலத்துக்கு எதிரான குற்றத்துக்காகவும் எஸ்.எஸ். உறுப்பினராக இருந்ததற்காகவும் 1949 ஏப்ரலில் டீட்ரிச்சுக்கு ஏழாண்டுச் சிறை. கொலைக்கு நேரே அழைக்காத எழுத்தையும் குற்றமாகக் கண்ட தீர்ப்பு இது. யூத வெறுப்பு ஏடு நடத்தி 1946இல் தூக்கிலிடப்பட்ட ஸ்ட்ரைச்சரின் வழக்கைப்போல இதுவும் பேசப்பட்டிருக்க வேண்டும், பேசப்படவில்லை.

டீட்ரிச் 1950இலேயே வெளியே வந்தார். 1952 நவம்பரில் டுசல்டார்ஃபில் இறந்தார். போர் முடிந்தபின் காவல் முகாமில் இருந்தபோது எழுதிய நினைவுகள் 1955இல் நூலாயின. பழி முழுவதையும் அதில் ஹிட்லர்மேல் போட்டிருக்கிறார். துண்டுத்தாள்களை எழுதிய கை யாருடையது என்று அந்த நூலை மட்டும் படித்தவருக்குப் பிடிபடாது.

தாள்கள் எல்லாமே எரிந்துவிடவில்லை. ‘ஃபிராங்க்ஃபுர்ட்டர் ஸைட்டுங்’ நாளிதழின் பெர்லின் செய்தியாளர் ஃபிரிட்ஸ் சேங்கர், கார்ல் பிராமர் போன்ற சிலர் தம் குறிப்புகளை ஆபத்தை அறிந்தே பாதுகாத்தார்கள். அவை இன்று ஜெர்மன் கூட்டாட்சி ஆவணக் காப்பகத்தில் உள்ளன. 1933 முதல் 1939 வரையிலான ஆணைகள் 1984 தொடங்கி ஆண்டுவாரியாகத் தொகுதிகளாக அச்சேறியிருக்கின்றன.