எல்லா நாளும் கோயில் திறப்பு... காஞ்சிபுரம் கிளம்புறீங்களா? இதைத் தெரிஞ்சுக்கோங்க!

கொரோனா காரணமாக வெள்ளி, சனி, ஞாயிறு கோயில்களில் பக்தர்களுக்கு இருந்த தடை 2021 அக்டோபர் 14-ம் தேதி நீங்கியது. இதனால் வார இறுதியில் காஞ்சிபுரம் போக நினைத்தவர்களுக்கு அப்போது வழி பிறந்தது.

எப்போது போகலாம்?

சென்னையிலிருந்து சுமார் 75 கி.மீ. காலையிலேயே போய்ச் சேருவதுதான் நல்லது. காமாட்சி அம்மன், ஏகாம்பரநாதர், வரதராஜப் பெருமாள் என பெரிய கோயில்கள் எல்லாம் மதியம் நடை சாத்தி, மாலை 4 மணிவாக்கில்தான் திறக்கும். அத்திவரதரைப் பார்க்க முடியுமா என்று இப்பவும் பலர் கேட்கிறாங்க. முடியாது. 2019-ல் 48 நாள் தரிசனம் தந்தவர், இனி 2059-ல்தான் குளத்திலிருந்து வெளியே வருவார்.

சேலை வாங்குறீங்களா?

மதிய இடைவெளியை இதற்கு வெச்சுக்கலாம். ஊரடங்கில் கல்யாணங்கள் சுருங்கியதால் பட்டு ஆர்டர் குறைந்து, பல தறிகள் நின்றுபோயின. ஒரு சேலை நெய்யவே பல நாள் ஆகும். ஆர்டர் இல்லாவிட்டால் நெசவாளிக்குக் கூலியும் இல்லை. அதனால் கைத்தறி நெசவாளர் கூட்டுறவு சங்கக் கடைகளையும் எட்டிப் பாருங்க. உடலையும் பார்டரையும் தனித்தனி நிறத்தில் கோர்த்து நெய்வது 'கோர்வை'. அதுதான் காஞ்சிபுரத்தின் அடையாளம். விசைத்தறிச் சேலையை கைத்தறி என்று விற்பதும் நடக்குது, உஷார்! 'சில்க் மார்க்', கைத்தறி முத்திரை இரண்டும் இருக்கா என்று பார்த்து, ஜரிகை அசலா என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்கிக்கோங்க.