எழும்பூர் அருங்காட்சியகத்தில் செப்புத் திருமேனிகளுக்கு வந்த நோய்

சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள் வெண்கலக் கூடத்தில் திருவாலங்காட்டு நடராசர் முன் சற்று நேரம் நின்றுவிட்டே நகர்வார்கள். இத்திருமேனிகள் பார்வைக்கு வருவதற்கு முன் பின்னறைகளில் அவற்றுக்கு நடந்த வைத்தியம் பற்றிப் பலருக்குத் தெரியாது. இக்கட்டுரை அதைப் பற்றியது.

அருங்காட்சியகம் 1851இல் தொடங்கப்பட்டது. முதல் பொறுப்பாளர் எட்வர்டு பால்ஃபர் ஒரு மருத்துவர். ஆரம்பத்தில் பாறைகளும் கனிமங்களுமே மிகுதி. செப்புத் திருமேனிகள் வந்து சேர ஒரு முக்கியக் காரணம் 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம். மண்ணுக்குள்ளிருந்து பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருள் கிடைத்தால், கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். அரசு அதை எடுத்துக்கொள்ள விரும்பினால், உலோகத்தின் மதிப்பும் அதில் ஐந்தில் ஒரு பங்கும் கூட்டிக் கொடுத்தால் போதும். சோழர் காலச் சிற்பியின் கைத்திறனுக்கு அந்தக் கணக்கில் இடமில்லை!

படையெடுப்புக்கு அஞ்சிய காலங்களில் கோயிலார் உற்சவ மூர்த்திகளைக் குழி தோண்டிப் புதைத்து வைத்தனர். இடம் தெரிந்தவர்கள் மறைந்த பிறகு பல திருமேனிகள் நூற்றாண்டுக் கணக்கில் மண்ணுக்குள்ளேயே இருந்தன. ஏர் ஓட்டும்போதும் கடைக்கால் தோண்டும்போதும்தான் அவை வெளிப்பட்டன. மண்ணிலுள்ள உப்பு அதற்குள் உலோகத்தில் ஊறியிருக்கும்.

இங்குதான் சிக்கல். உப்பிலுள்ள குளோரைடு செம்புடன் சேர்ந்து செப்புக் குளோரைடாகத் தங்கிவிடுகிறது. மண்ணுக்குள் இருக்கும்வரை அது பெரிதாகத் தொல்லை தருவதில்லை. வெளியே எடுத்ததும் காற்றும் ஈரமும் பட்டு, வெளிர்பச்சைத் தூளாக மாறி, கூடவே அமிலத்தையும் உண்டாக்குகிறது. அந்த அமிலம் மீண்டும் செம்பை அரிக்கிறது. குளோரைடு தீராததால் அரிப்பும் நிற்காது. இதற்கு ‘வெண்கல நோய்’ என்றே பெயர். சென்னையின் கடற்காற்றும் ஐப்பசி, கார்த்திகை மழையும் இந்நோய்க்கு ஏற்ற சூழல். கண்ணாடிப் பேழைக்குள் பத்திரமாக இருப்பதாக நினைத்த சிலையின் விரலோ, திருவாசியின் சுடரோ மெல்ல மெல்லப் பொடியாகிவிடும்.

மாணவர்களை அழைத்துச் சென்றபோதெல்லாம், “பச்சையா இருக்கே, பெயின்ட் அடிச்சாங்களா சார்?” என்று யாராவது ஒரு பையன் கேட்காமல் இருந்ததில்லை. நல்ல கேள்விதான். கெட்டியாக, வழவழப்பாகப் படிந்த பச்சை சிலைக்குக் கவசம். தொட்டால் உதிரும் வெளிர்பச்சைப் புள்ளிதான் நோய்.

1920 முதல் 1940 வரை கண்காணிப்பாளராக இருந்தவர் எஃப். எச். கிரேவ்லி. இவர் விலங்கியலாளர், சிலந்திகளை ஆராய்ந்தவர். அவரே டி. என். இராமச்சந்திரனுடன் சேர்ந்து, இங்குள்ள தென்னிந்திய உலோகத் திருமேனிகளின் பட்டியல் நூலை 1932இல் வெளியிட்டார். பின்னாளில் வந்த ஆய்வாளர்கள் பலருக்கும் அது அடிப்படை நூல்.

அவர் காலத்தில்தான் வேதியியலாளர் எஸ். பரமசிவன் இங்கு பணிக்கு வந்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர் ஓவியங்களில் சுண்ணச் சாந்தையும் வண்ணங்களையும் சோதித்து, அவற்றைத் தீட்டிய முறையை ஆராய்ந்தவரும் இவரே. வெண்கல நோய்க்கு இவர் கையாண்டது மின்னாற்பகுப்பு முறை.

பள்ளி ஆய்வகத்தில் செய்வதுதான், அளவில் பெரியது. காரக் கரைசல் நிரம்பிய தொட்டியில் திருமேனியை இறக்கி, மின்கலத்தின் எதிர்முனையோடு இணைக்க வேண்டும். நேர்முனையில் இரும்புத் தகடு. மெல்லிய மின்னோட்டம் பாயும்போது, சிலைக்குள் ஒளிந்திருக்கும் குளோரைடு வெளியேறி நேர்முனையை நோக்கிச் செல்லும். நாள்கணக்கில், சில நேரம் வாரக்கணக்கில் இது நடக்கும். இடையிடையே கரைசலை மாற்ற வேண்டும். நோய் தீர்ந்ததா என்று எப்படி அறிவது? கரைசலில் சிறிது எடுத்து, நைட்ரிக் அமிலம் விட்டு, சில்வர் நைட்ரேட் சேர்த்தால் வெண்மையாகத் திரியக் கூடாது. பன்னிரண்டாம் வகுப்பு உப்புப் பகுப்பாய்வில் குளோரைடுக்குச் செய்யும் அதே சோதனை! பிறகு காய்ச்சி வடித்த நீரில் பலமுறை கழுவி உலர்த்துவார்கள்.

இம்முறையால் அரிப்பு நின்றது. மண் மூடிக் கிடந்த முகத்தின் நுண்வேலைப்பாடும் அணிகலன்களும் தெரிந்தன. ஆனால் இதற்கு விலையும் உண்டு. நோயோடு சேர்த்துக் கவசமான பழம்பச்சையும் போய்விடும். உள்ளே நல்ல உலோகம் மிஞ்சாத சிலையைத் தொட்டியில் இறக்கினால் வடிவமே குலைந்துபோகும். எதை இறக்கலாம், எதை இறக்கக் கூடாது என்று முடிவு செய்வதில்தான் வேதியியலாளரின் அனுபவம் இருந்தது. என் கருத்தில், தொட்டியைவிட அந்த முடிவே கடினமான வேலை.

பிற்காலத்தில் மின்சாரம் இல்லாமல் கார உப்புக் கரைசலில் ஊறவைத்தல், பென்சோட்ரையசோல் என்னும் வேதிப்பொருளால் உலோகத்தின்மேல் காப்புப் படலம் உண்டாக்குதல், பேழைக்குள் ஈரத்தைக் குறைத்தல் போன்ற மென்மையான வழிகள் வந்தன. சிகிச்சைக்கு முன்பு சிலையை எல்லாப் பக்கமும் புகைப்படம் எடுத்து, எடை போட்டு, பதிவெண்ணுடன் குறித்துக்கொள்வதும் இன்று இத்துறையில் கட்டாயப் பழக்கம். ஒருமுறை நீங்கிய பழம்பச்சை எப்படி இருந்தது என்பதற்கு அந்தப் படங்களும் குறிப்புகளும் மட்டுமே மிஞ்சும்.